லோமே சந்தைத் துணியும் வளரும் நாடுகளின் வர்த்தகமும்

கேள்வி: கைவினைப் பொருள், துணி, நகை, பொம்மை, இசைக்கருவி, புத்தகம் போன்ற படைப்புத் தொழில் பொருட்களை வளரும் நாடுகள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்பது வேகமாக வளர்வதாக ஐ.நா. அறிக்கைகள் சொல்கின்றன. இந்த வளர்ச்சி சின்ன, ஏழை நாடுகளின் கைவினைஞர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் உண்மையிலேயே போய்ச் சேருகிறதா, இல்லை பெரிய நாட்டுச் சரக்கோடு போட்டி போட முடியாமல் அவர்கள் நசிந்துபோகிறார்களா?

பதில்:

இரண்டும் நடக்கிறது. எந்த ஊரில் எது நடக்கும் என்பதைத் தொழிற்சாலை எங்கே இருக்கிறது என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. பொருளின் வடிவத்தை யார் முடிவு செய்கிறார், அந்த முடிவுக்கு யாருக்குக் காசு கிடைக்கிறது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வர்த்தகப் புள்ளிவிவரத்தில் இது தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது துணி வணிகம் என்பதால் துணியை வைத்தே விளக்குகிறேன்.

முதலில் எண்கள். இந்தக் கணக்கை எடுப்பது அங்க்டாட் எனப்படும் ஐ.நா. வர்த்தக வளர்ச்சி அமைப்பு. அதன் 2010 அறிக்கையின்படி, வளரும் நாடுகளுக்கிடையேயான படைப்புப் பொருள் வர்த்தகம் 2002-க்கும் 2008-க்கும் இடையில் மூன்று மடங்காகி, கிட்டத்தட்ட 60 பில்லியன் டாலரைத் தொட்டது. 2022 அறிக்கை உலகம் முழுவதற்குமான கணக்கைத் தருகிறது: படைப்புப் பொருள் ஏற்றுமதி 2010-இல் 419 பில்லியன் டாலர், 2020-இல் 524 பில்லியன். 2022-இல் அது 713 பில்லியனுக்குப் போய்விட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2020-இன் 524 பில்லியனில் சீனாவின் பங்கு மட்டும் 169 பில்லியன், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒன்று. இரண்டாவது இடத்தில் இருந்த அமெரிக்காவின் ஏற்றுமதி 32 பில்லியன்தான். ஆக, 'வளரும் நாடுகளின் ஏற்றுமதி' என்று படிக்கும்போது அதில் பெரும்பகுதி சீனத் தொழிற்சாலைகளின் ஏற்றுமதி என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டோகோ, கானா, கென்யா போன்ற நாடுகள் இந்தக் கணக்கில் பெரும்பாலும் வாங்குபவர்களாகத்தான் வருகின்றன.

சீனாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சராசரி எண் எதை மறைக்கிறது என்று காட்டத்தான் எழுதுகிறேன்.

எண்கள் மறைக்கும் இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிட ஆழமானது. உலகச் சுங்கத் துறைகள் எல்லாச் சரக்குக்கும் எச்.எஸ். எண் என்ற ஆறு இலக்க எண்ணைக் கொடுக்கின்றன. 5208 52 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 100 கிராமுக்கு மேல் எடையுள்ள, சாதா நெசவில் அமைந்த, அச்சிட்ட பருத்தித் துணி என்று பொருள். அந்தத் துணியில் இருக்கும் பூவையும் பறவையையும் வரைந்தவர் யார், எந்த நிறம் வேண்டும் என்று சொன்னவர் யார், எந்தப் பெயரில் அது சந்தையில் விற்றது என்பதெல்லாம் அந்த எண்ணுக்குத் தெரியாது. கடைசியாக எந்த நாட்டில் அச்சடித்துக் கப்பலில் ஏற்றினார்களோ, அந்த நாட்டுக் கணக்கில் முழு மதிப்பும் போய் உட்காரும். ஒரு பொருளைப் படைப்புப் பொருள் என்று சொல்ல வைக்கும் அந்த அம்சத்தை மட்டும் கணக்கு விட்டுவிடுகிறது.

இனி லோமேவுக்குப் போவோம். டோகோவின் தலைநகரம் அது. கானா எல்லை ஊரை ஒட்டியே ஓடுகிறது. மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் உடுத்தும், கண்ணைப் பறிக்கும் நிறங்கள் கொண்ட 'வேக்ஸ்' துணியின் பெரிய மொத்தச் சந்தை பல காலம் அங்கேதான் இருந்தது.

அந்தத் துணியின் பூர்வீகம் ஜாவா. ஜாவாவின் பத்திக்கில் மெழுகை வைத்துச் சாயம் ஏறாமல் தடுத்து, கையால் வடிவம் உண்டாக்குவார்கள். 19-ஆம் நூற்றாண்டில், ஜாவாவை ஆண்ட டச்சுக்காரர்கள் இதை இயந்திரத்தில் செய்து அந்த ஊருக்கே மலிவாக விற்கப் பார்த்தார்கள். மெழுகுக்குப் பதிலாகத் துணியின் இரண்டு பக்கமும் பிசினை அச்சடித்தார்கள். பிசினில் விரிசல் விழும், அதன் வழியே சாயம் நரம்பு நரம்பாக இறங்கிவிடும். ஜாவாக்காரர்கள் அதைக் குறையாகப் பார்த்தார்கள். அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவின் கரையில் அதே விரிசலை விரும்பி வாங்கினார்கள். 1890-கள் முதல் அங்கே சந்தை பிடித்துவிட்டது. 1846-இல் நெதர்லாந்தின் ஹெல்மொண்ட் நகரத்தில் தொடங்கப்பட்ட விலிஸ்கோ நிறுவனம் இன்றுவரை இந்தத் துணியை அச்சிடுகிறது.

ஜாவாவின் நுட்பம், ஐரோப்பாவின் இயந்திரம், ஆப்பிரிக்காவின் ரசனை. இது யாருடைய படைப்பு என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. பின்னால் உரிமைச் சண்டை வரும்போது இந்தச் சிக்கல் மறுபடி தலைதூக்கும்.

1960-களிலிருந்து 80-கள்வரை லோமேயில் இந்த வணிகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் 'நானா பென்ஸ்' என்று அழைக்கப்பட்ட பெண்கள். மெர்சிடிஸ் பென்ஸ் கார் வாங்கும் அளவுக்குச் சம்பாதித்ததால் வந்த பெயர். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் அரசே இவர்களிடம் கார் இரவல் வாங்கியதாகச் சொல்வார்கள். இவர்கள் வெறும் இடைத்தரகர்கள் இல்லை. ஹெல்மொண்டிலிருந்து வரும் வடிவத்துக்கு ஓர் எண் மட்டும்தான் இருக்கும். எந்த வடிவம் ஓடும், எந்த நிறத்தில் மாற்றி அடிக்க வேண்டும், எந்தக் கிராமத்துக்கு எது பிடிக்கும் என்று சொன்னவர்கள் இவர்கள். துணிக்குப் பெயர் வைத்ததும் சந்தைப் பெண்கள்தான். கணவன் மனைவி சண்டை, சக்களத்திப் பொறாமை, பிள்ளைப் பேறு, ஊர் அரசியல் எல்லாம் துணியின் பெயரில் வரும். ஒரு பெண் அதை உடுத்திக்கொண்டு நடந்தாலே பார்ப்பவர்களுக்குச் சேதி புரிந்துவிடும். பெயர் பிடித்துக்கொண்ட துணி பல ஆண்டுகள் விற்கும். பெயர் கிடைக்காத துணி கிடங்கில் கிடக்கும்.

என்னைக் கேட்டால் வேக்ஸ் துணியின் படைப்பு மதிப்பில் சரிபாதி இங்கேதான் பிறந்தது. ஆனால் அந்தப் பெண்களிடம் காகிதத்தில் இருந்தது ஒரு விற்பனை ஏற்பாடு மட்டும்: இந்த வடிவத்தை இந்த வியாபாரிக்கு மட்டும் தருகிறோம் என்று நிறுவனம் கொடுத்த வாக்கு. வடிவத்தின் மேலோ பெயரின் மேலோ அவர்களுக்குச் சட்ட உரிமை ஏதும் இல்லை. காலம் நன்றாக இருந்தவரை அந்த வாக்கே போதுமானதாக இருந்தது.

1994 ஜனவரியில், டோகோவின் நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பை ஒரே நாளில் பாதியாகக் குறைத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் துணியின் விலை உள்ளூரில் இரட்டிப்பானது. நடுத்தரக் குடும்பங்களால் வாங்க முடியவில்லை. கொஞ்ச ஆண்டுகளில் சீனாவில் அச்சிட்ட துணி வந்தது. அதே வடிவங்கள், டச்சுத் துணியின் விலையில் சிறு பங்கு. அதைக் கொண்டுவந்ததும் லோமே பெண்கள்தான். 'நானெட்' என்று அழைக்கப்பட்ட இளைய தலைமுறை வியாபாரிகள் நேரே சீனாவுக்குப் பறந்து, மாதிரியைக் காட்டி ஆர்டர் கொடுத்துச் சரக்கை இறக்கினார்கள். மூத்தவர்களுக்கிருந்த தனி விற்பனை ஏற்பாடு கரைந்துபோனது. 2013 ஜனவரியில் லோமேயின் பெரிய சந்தைக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மிச்சமிருந்த வியாபாரிகளில் பலர் வாழ்நாள் சேமிப்பான சரக்கை அன்று இழந்தார்கள். அதைப் பற்றிப் படிக்கும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

இதை வளரும் நாடுகளுக்கிடையேயான வர்த்தகத்தின் வெற்றி என்பதா, தோல்வி என்பதா? டோகோவின் கிராமத்துப் பெண்ணுக்கு, கல்யாணத்துக்குப் புதுத்துணி கைக்கெட்டும் விலையில் கிடைத்தது. அதை யாரும் மட்டமாகப் பேசக் கூடாது. நானெட்டுகள் தங்கள் முயற்சியில் சீனாவரை போய் வியாபாரம் கற்றார்கள். மறுபக்கம், வடிவத்தைத் தேர்ந்து பெயர் சூட்டி மதிப்பை உண்டாக்கிய வேலை விலையில்லாமல் போய்விட்டது. வெற்றி பெற்ற பழைய வடிவத்தை நகலெடுக்கிற ஆலை புது வடிவத்தில் பணம் போட்டு நஷ்டப்படும் ஆபத்தை ஏற்பதில்லை. விற்றதை மட்டும் அடிக்கும்.

பக்கத்து நாடான கானாவின் கதை இன்னும் சிக்கலானது, அதைத் தப்பாகப் படிப்பவர்களும் அதிகம். விடுதலைக்குப் பின் அங்கே தெமாவில் ஜி.டி.பி. (GTP), அகோசொம்போவில் ஏ.டி.எல். (ATL) என்று பெரிய அச்சாலைகள் எழுந்தன. 1977-இல் கானாவின் துணித் தொழிலில் சுமார் 25,000 பேர் வேலை பார்த்தார்கள். 2005-இல் 3,000-க்கும் குறைவு. 'சீனா வந்து அழித்துவிட்டது' என்று இதை வைத்து எழுதுகிறார்கள். ஆனால் இடையில் ஒரு கணக்கு இருக்கிறது: 1995-லேயே அது 7,000 ஆகச் சரிந்துவிட்டது. சீன வேக்ஸ் வெள்ளமாக வருவதற்கு முன்பே முக்கால்வாசி வேலை போய்விட்டது. பழைய இயந்திரம், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, 80-களில் இறக்குமதியைத் திறந்துவிட்ட கொள்கை, மலைபோல் வந்திறங்கிய மேற்கத்திய பழந்துணி எல்லாம் முதலில் அடித்தன. நகல் துணி கடைசி அடி. நோயைச் சரியாகக் கண்டுபிடிக்காவிட்டால் மருந்தும் தப்பாகும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கானா அரசு கொடுத்த மருந்துகளைப் பாருங்கள். 2004-இல் வெள்ளிக்கிழமைதோறும் உள்ளூர்த் துணி உடுத்தும் இயக்கம் தொடங்கியது. இது நல்ல யோசனை. உள்ளூர்த் தேவையை வளர்த்தது. 2005-இல் அச்சுத் துணி இறக்குமதியெல்லாம் தகொராதித் துறைமுகம் வழியாக மட்டுமே வரவேண்டும் என்றார்கள். லோமே எல்லை பக்கத்திலேயே திறந்து கிடக்கும்போது இது எப்படி நிற்கும்? பிறகு 2010-இல் நகல் துணியைப் பிடிக்க ஒரு படை அமைத்து, சந்தையில் பறிமுதல் செய்து குவித்து எரித்தார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நகலெடுக்கச் சொன்னவர் வேறு ஊரில், அச்சடித்தவர் வேறு கண்டத்தில் இருக்க, கடன் வாங்கி நாலு கட்டுத் துணி வைத்து, தலைநகர் அக்ராவின் மகோலா சந்தையில் விற்ற பெண்ணின் முதல்தான் எரிந்தது. வடிவ உரிமையைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு சங்கிலியின் கடைசியில் இருப்பவரைத் தண்டித்தார்கள்.

அந்த உரிமையாவது யாருடையது? ஜி.டி.பி. நிறுவனமே விலிஸ்கோ குழுமத்தைச் சேர்ந்தது. விலிஸ்கோவை 2010-இல் ஆக்டிஸ் என்ற பிரிட்டிஷ் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. ஏ.டி.எல். ஆலையில் பல காலமாக ஹாங்காங்கின் சா குடும்பத்து முதலீடு இருந்தது. கானாவின் தேசியத் துணி என்று போற்றப்பட்ட சரக்கின் முதலாளி ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்தார். ஆலையில் வேலை செய்த கானாவின் தொழிலாளிகளும் வடிவமைப்பாளர்களும் உண்மையானவர்கள், அவர்கள் இழந்ததும் உண்மை. ஆனாலும் 'உள்ளூர் எதிர் வெளியூர்' என்று கோடு போட்டுப் பிரித்தால் எதுவும் விளங்காது.

இப்போது கண்டத்தின் மறுகரைக்கு வாருங்கள். மொம்பாசா, சான்சிபார், தார் எஸ் சலாம் ஊர்களில் பெண்கள் 'காங்கா' உடுத்துகிறார்கள். ஜோடியாக விற்கும் செவ்வகத் துணி. சுற்றிலும் அகலக் கரை, நடுவில் ஒரு வடிவம், அதன் கீழே ஸ்வாஹிலியில் ஒரு வாசகம். பழமொழி, வாழ்த்து, குத்தல், பக்தி எதுவாகவும் இருக்கலாம். இந்தத் துணியின் அச்சு வேலை ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது: ஒரு காலத்தில் ஐரோப்பா, பிறகு ஜப்பான், இந்தியா, சீனா. இடையில் தான்சானியாவிலேயே 1960-களில் சீன உதவியுடன் உராஃபிக்கி ஆலை எழுந்தது. இன்று குஜராத்தின் ஜேத்பூரில் காங்கா அச்சடிக்கும் பட்டறைகள் உண்டு. வாசகத்தின் ஓர் எழுத்தும் புரியாமல் ஸ்வாஹிலிப் பழமொழியை மீட்டர் கணக்கில் அச்சடிக்கிறார்கள்.

ஆலை இத்தனை முறை இடம் மாறியும் காங்காவின் மூளை கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை விட்டு நகரவில்லை. மொம்பாசாவில் காதர்தீனா ஹாஜி ஈசாக் என்ற இந்திய வம்சாவளி வணிகக் குடும்பம் தலைமுறைகளாக வடிவத்தையும் வாசகத்தையும் தீர்மானித்து, தன் முத்திரையோடு விற்றுவந்தது. அச்சடிப்பதற்கு மட்டும் வெளியே கொடுத்தார்கள். நகலெடுப்பவர்கள் அங்கும் உண்டு. ஆனால் வாசகம் இந்த வருடத்துப் பேச்சைப் பிடிக்க வேண்டும். தேர்தல் வரும், நோன்புப் பெருநாள் வரும், ஊரில் ஒரு சொல் புதிதாகப் புழங்கும். அதை அந்தத் தெருவில் வாழ்கிறவரால்தான் பிடிக்க முடியும். தூரத்து ஆலை நகலெடுத்து அனுப்புவதற்குள் பேச்சு மாறிவிடும். காங்கா வியாபாரிகளை அதிகம் காப்பாற்றியது இந்த வேகம்தான் என்று நினைக்கிறேன். லோமேயில் பெயர் சந்தையில் பிறந்தாலும் வடிவம் ஹெல்மொண்டிலிருந்து வந்தது. மொம்பாசாவில் இரண்டும் ஒரே கடையில் பிறந்தன. வித்தியாசம் அங்கேதான்.

அச்சடிக்கும் ஊருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜேத்பூருக்குக் கூலியும் ஏற்றுமதிக் கணக்கும் கிடைக்கின்றன. கூடவே பாதர் நதியில் சாயத்தண்ணீரும் கலக்கிறது. நொய்யலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடிவம் வெளியில், லாபம் வெளியில், கழிவு மட்டும் உள்ளூரில் என்றால் படைப்புப் பொருள் ஏற்றுமதி செய்கிறோம் என்று பெருமைப்பட அவ்வளவாக ஒன்றும் இல்லை.

மூன்றாவது உதாரணம் நம் கரையைத் தொடுகிறது. பழவேற்காடு, சென்னை, சீராலா என்று சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம்போட்ட பருத்தித் துணி, பல நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறது. புதுச்சேரியின் நீலத்துணியை 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வணிகர்கள் செனகலுக்குக் கொண்டுபோய்க் கருவேலம் பிசினுக்கு மாற்றினார்கள். அங்கே அது காசுபோலவே புழங்கியது. இந்த வழியின் பழைய வரலாறு சுத்தமானது இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் இந்தியத் துணியையும் கொடுத்துத்தான் ஐரோப்பியர்கள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள். ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த பழைய வணிகத்தைப் புகழ்ந்து பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது.

அந்தத் துணி நைஜீரியாவில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இக்போ மக்கள் கல்யாணத்துக்கு உடுத்தும் 'ஜார்ஜ்', செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து போன சரக்கின் வழிவந்தது. நைஜர் கழிமுகத்தின் கலாபாரி மக்கள் நம் கட்டத்துணியை 'இஞ்சிரி' என்கிறார்கள். பிறப்பு, பூப்பு, சாவு எதுவானாலும் அது வேண்டும். பாட்டியின் இஞ்சிரியைப் பெட்டியில் வைத்துப் பேத்திக்குக் கொடுப்பார்கள். பெரியவர் இறந்தால் கட்டிலை அதனால் அலங்கரிப்பார்கள். அதோடு நிற்பதில்லை. கலாபாரிப் பெண்கள் இந்தத் துணியை விரித்துவைத்து, கூரான கத்தியால் நூல்களைத் தேர்ந்தெடுத்து அறுத்து இழுத்து எடுப்பார்கள். கட்டத்துக்குள் புதிய வடிவம் ஒன்று தெரியவரும். 'பெலெத்தே பீத்தே' என்று அதற்குப் பெயர். நெய்ததைவிட அறுத்ததற்கு மதிப்பு அதிகம்.

சீராலாவில் நெய்தவர் ஒரு படைப்பாளி. கழிமுகத்தில் அறுத்தவர் இன்னொரு படைப்பாளி. வடிவத்தைப் பற்றிய கருத்து மாதிரித் துணி வழியாகவும் ஏஜென்ட் வழியாகவும் இரண்டு கரைக்கும் போய்வந்து, கலாபாரி ரசனைக்கேற்ற கட்டங்கள் இங்கே தறியில் ஏறின. வளரும் நாடுகளின் படைப்பு வர்த்தகம் எப்படி இருக்கலாம் என்று கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். சோகம் என்னவென்றால், பெலெத்தே பீத்தே எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் ஏறாது. இறக்குமதியான துணியில் வீட்டில் செய்யும் வேலை அது. நைஜீரியா தன் ஆலைகளைக் காப்பாற்ற அவ்வப்போது துணி இறக்குமதிக்குத் தடை போடும். 2019 மார்ச்சில் அதன் மத்திய வங்கி துணி இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி கொடுப்பதை நிறுத்தியது. அதுபோன்ற நேரத்தில், கைத்தறியில் நெய்த இந்தச் சிறு சரக்கும் மலிவு அச்சுத் துணியோடு ஒரே வலையில் மாட்டிக்கொள்ளும். பிறகு பெனினின் கொட்டொனு வழியாகக் கடத்தலாகப் போகும். சீராலா நெசவாளருக்கும் நஷ்டம், கலாபாரிப் பெண்ணுக்கும் நஷ்டம், அரசுக்கு வரியும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? வரிக் குறைப்புக்கான ஏற்பாடுகள் காகிதத்தில் நிறையவே இருக்கின்றன. வளரும் நாடுகள் தங்களுக்குள் வரிச்சலுகை கொடுத்துக்கொள்ளும் உடன்பாடு 1988-இல் பெல்கிரேடில் கையெழுத்தானது. ஏழை நாடுகளுக்கு இந்தியா 2008-இல் அறிவித்த வரியில்லா இறக்குமதித் திட்டம் 2014-இல் ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் விரிந்தது. ஆப்பிரிக்கக் கண்டச் சுதந்திர வர்த்தகப் பகுதியில் 2021 ஜனவரி முதல் வர்த்தகம் தொடங்கியது. ஆனால் ஆப்பிரிக்க உடன்பாட்டில் கடைசிவரை இழுபறியாக இருந்த பிரிவுகளில் ஒன்று துணி. எது 'ஆப்பிரிக்கத் துணி' என்பதில் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆசியாவிலிருந்து காடா துணியை இறக்கி, ஆப்பிரிக்காவில் அச்சடித்தால் போதுமா? நூலே அங்கே நூற்றிருக்க வேண்டுமா? நூற்பாலை இருக்கும் நாடு ஒன்று சொல்லும், அச்சாலை மட்டும் இருக்கும் நாடு வேறொன்று சொல்லும். வடிவம் அங்கே பிறந்ததா என்ற கேள்வி இந்தப் பேச்சில் வருவதே இல்லை. வரவேண்டும் என்பது என் கட்சி.

பணப் பட்டுவாடாவும் ஒரு பெரிய தடை. லோமேவுக்கும் அக்ராவுக்கும் இடையில் 200 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் ஒரு பக்கம் சி.எஃப்.ஏ. பிராங்க், மறுபக்கம் கானாவின் சேடி, வங்கி வழியாக அனுப்பினால் நடுவில் டாலர். ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் காசிலேயே கணக்குத் தீர்த்துக்கொள்ள 2022 ஜனவரியில் பாப்ஸ் என்ற அமைப்பை அக்ராவில் தொடங்கினார்கள். சந்தைப் பெண்கள்வரை அது இறங்கினால் வரிக்குறைப்பைவிட அதிகம் உதவும் என்று நம்புகிறேன்.

வடிவ உரிமையில் அண்மையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, பலர் அதைக் கவனிக்கவில்லை. வடிவப் பதிவு நாட்டுக்கு நாடு தனி. கானாவில் பதிந்த வடிவத்தைச் சீனாவில் ஒருவர் அச்சடித்தால் கானாச் சட்டத்தால் அந்த ஆலையைத் தொட முடியாது. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் வடிவத்தைப் பதிய ஹேக் முறை என்ற சர்வதேச ஏற்பாடு உண்டு. கானா அதில் 2008-லேயே சேர்ந்துவிட்டது. டோகோ இருக்கும் பிரெஞ்சு மொழி ஆப்பிரிக்க நாடுகளின் அறிவுசார் சொத்து அமைப்பும் உறுப்பினர். சீனாவுக்கு அது 2022 மே 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அதாவது, இன்று அக்ராவில் புதிதாக ஒரு வடிவம் வரைகிறவர் ஒரே விண்ணப்பத்தில் சீனாவையும் சேர்த்துக்கொள்ளலாம். கட்டணம் உண்டு, வழக்கு நடத்தச் செலவு உண்டு. தனி ஆளால் முடியாது. சங்கமோ கூட்டுறவோ சேர்ந்து செய்தால் முடியும். மகோலாவில் துணியை எரிப்பதற்குச் செலவழித்த பணத்தில் கொஞ்சம் இதற்குப் போயிருக்கலாம்.

ஆனால் இது புதிய வடிவத்துக்கு மட்டும்தான் பொருந்தும். பாட்டன் பூட்டன் காலத்து வடிவத்தைப் 'புதிது' என்று பதிய முடியாது. அதற்கு வேறு வழி வேண்டும். கானாவின் 2005 பதிப்புரிமைச் சட்டம் நாட்டார் கலை வடிவங்களையும் காக்கிறது. ஆப்பிரிக்க வட்டார அமைப்பு ஒன்று 2010-இல் ஸ்வாகொப்முண்ட் ஒப்பந்தத்தை உருவாக்கி, பழங்குடி அறிவுக்கும் மரபுக் கலைக்கும் எல்லை தாண்டிய பாதுகாப்புக் கொடுக்க முயன்றது. கானாவின் கைத்தறிக் கெண்டே துணி 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது; 2025-இல் புவிசார் குறியீடும் பெற்றது. காஞ்சிபுரம் பட்டு, இந்தியாவின் 1999 சட்டத்தின்கீழ் முன்பே பெற்ற அதே வகைக் குறியீடு. காஞ்சிபுரத்து அனுபவம் இங்கே உதவும். குறியீடு பெயரைக் காக்கிறது, வடிவத்தை அல்ல. விசைத்தறியில் நெய்த சேலையைக் 'காஞ்சிபுரம்' என்று விற்றால் வழக்குப் போடலாம். அதே கரையை நெய்து வேறு பெயரில் விற்றால் குறியீடு கைகொடுக்காது. போன்வைர் ஊரில் கெண்டே நெய்கிறவருக்கும் இதுதான் நிலைமை. கெண்டே வடிவத்தை அச்சடித்த மலிவுத் துணி வேறு பெயரோடு வந்தால் குறியீடு அதைத் தடுக்காது. வாங்குகிறவருக்குக் கைநெசவு எது, அச்சு எது என்று தெரியும்படி முத்திரை, சோதனை, விளம்பரம் எல்லாம் நடந்தால்தான் பலன் வரும். அந்தச் செலவை நெசவாளர் தலையில் கட்டக் கூடாது.

நீங்கள் இதை ஆய்வுக்காகக் கேட்டிருந்தால் ஒரு யோசனை. ஏற்றுமதி எண்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஏதாவது ஒரே ஒரு பொருளை எடுத்து, மாதிரியை அனுப்பியது யார், நிறத்தை மாற்றச் சொன்னது யார், பெயர் வைத்தது யார், ஆர்டருக்கு முன்பணம் கொடுத்தது யார் என்று வியாபாரிகளிடம் கேட்டு எழுதுங்கள். மொத்த விலையில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு போனது என்று பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். லோமேயிலும் மொம்பாசாவிலும் இதைச் சொல்லக்கூடிய மூத்த வியாபாரிகள் இன்னும் இருக்கிறார்கள். சீராலாவில் அந்தக் கட்டத்துணியை நெய்யத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது; அங்கிருந்து தொடங்குவது நல்லது.